துடுப்பு போட எங்கே இறங்கலாம்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கயாக்கிங் பற்றித்தான், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகான கயாக்கில் போவது. வெப்பமான கடற்கரை, அதில் வந்து கலக்கும் ஆறுகள், நடுவில் உப்பங்கழி, சதுப்பு, இதில் எங்கே இறங்குவது, எங்கே இறங்கக் கூடாது என்பதைச் சுற்றியே எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஏரியில் கயாக் ஓட்டப் பழகிவிட்டேன். நேராகப் போக, திருப்ப, கவிழ்ந்தால் மறுபடி ஏற எல்லாம் தெரியும். அடுத்து கடலா, ஆறா, ரெண்டும் சேரும் கழிமுகமா? எது சுலபம்?

பதில்: கவிழ்ந்தால் மறுபடி ஏறத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான். அது தெரியாதவர்கள் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு, ஆழம் குறைந்த அமைதியான தண்ணீரில் போய் அதை முதலில் பழகிவிட்டு வரட்டும்.

கடல் கஷ்டம், ஆறு சுலபம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஒரே இடம் காலை 7 மணிக்குப் புதியவர்கள் தாராளமாகப் போய் வருகிற மாதிரி இருக்கும், மதியம் 2 மணிக்கு நன்றாகப் பழகியவர்களையே திணறடிக்கும். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் கரையில் கொஞ்ச நேரம் நின்று ஒரு விஷயத்தை யோசியுங்கள்: இப்போது தண்ணீரில் இறங்கி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் என் கயாக் எங்கே போய்ச் சேரும்? காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும், ரெண்டும் சேர்ந்து கொண்டுபோய் விடும் இடம் மணல் கரையாகவோ நாணல் ஓரமாகவோ இருந்தால் அது உங்களுக்கான இடம். திறந்த கடலாகவோ, பாறையாகவோ, பாலத்தின் தூணாகவோ இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைக்கு அது வேண்டாம். தோள்பட்டை பிடித்துக்கொள்ளலாம், துடுப்பு கைநழுவலாம், கூட வந்தவருக்குத் தலைசுற்றலாம், அந்த நேரத்தில் தண்ணீர் உங்களை எங்கே கொண்டுபோகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

இப்படிப் பார்த்தால் அடுத்த படிக்கு நான் சொல்வது உப்பங்கழியின் உட்பகுதி. ரெண்டு பக்கமும் கரை கிட்டத்தில் இருக்கும், மரங்கள் காற்றைத் தடுக்கும், ஓட்டமும் மெதுவாக இருக்கும், அதே சமயம் கடல் ஏறுவதும் வற்றுவதும் தண்ணீரை என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்துப் பழகலாம். ஆனால் கடலில் சேரும் வாய்ப்பகுதி, அதாவது முகத்துவாரம், அது முற்றிலும் வேறு சமாச்சாரம். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

கேள்வி: காலையில் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. கரையோரமாகவே போனோம். திரும்பும்போது எதிர்க்காற்று, அரை மணியில் போன தூரத்தைத் திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆனது. வானிலை மாறும் என்று யாருமே சொல்லவில்லையே?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அன்றைக்கு வானிலை மாறியிருக்காது. வெப்பமான கரைகளில் நல்ல வெயில் நாளில் தினமும் நடப்பதுதான் அது. நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். பெரும்பாலும் முற்பகலில் தொடங்கி, மதியத்துக்கு மேல் உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது அடங்கும். பல கரைகளில் அது மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். புதிதாகப் பழகியவர் சாதாரணமாகத் துடுப்பு போட்டால் மணிக்கு 4, 5 கிலோமீட்டர்தான் போவார், 20 கிலோமீட்டர் காற்றை எதிர்த்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு சொன்னால் புதியவர்கள் திறந்த தண்ணீருக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணைப் பார்க்க வழியில்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள், அலைகளின் தலையில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் கிட்டத்தட்ட அந்த அளவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

சரி, இதற்கு என்ன செய்வது? விடிந்ததும் இறங்குங்கள், கடற்காற்று எழும் முன் திரும்பிவிடுங்கள். காற்று ஏற்கனவே வீசுகிறது என்றால் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்த பிறகு அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும். நீங்கள் போகும்போது சுகமாக இருந்ததே, அப்போதே மெல்லிய காற்று முதுகில் இருந்திருக்கும். முதுகில் வீசும் காற்று தெரியவே தெரியாது, நாம்தான் நன்றாக ஓட்டுகிறோம் என்று தோன்றும்.

இதைவிட ஆபத்தானது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. இரவிலும் அதிகாலையிலும் நிலம் குளிர்ந்திருக்கும்போது இது வரும், பெரும்பாலும் மெலிதாக இருக்கும், ஆனால் பருவக்காற்றோடு சேர்ந்தால் பலமாகவும் இருக்கும். கரையில் மரங்களும் மேடுகளும் மறைப்பதால் கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடக்கும், அதைப் பார்த்து இறங்கி 200 மீட்டர் உள்ளே போனதும்தான் காற்றின் முழு பலமும் முதுகில் விழும். மடியில் துடுப்பை வைத்துப் பார்க்கச் சொன்னேனே, அதன்படி பார்த்தால் இது உங்களைக் கொண்டு சேர்க்கிற இடம் நடுக்கடல். கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசுகிற நாளில் உப்பங்கழிக்குள் போங்கள், இல்லை வீட்டில் இருங்கள்.

கேள்வி: கடல் ஏறுவது வற்றுவது பற்றிய அட்டவணையைப் பார்க்கத் தெரியும். ஆனால் அதை வைத்து முகத்துவாரத்துக்கு எப்போது போவது என்று முடிவு செய்யத் தெரியவில்லை.

பதில்: பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன ஞாயிற்றுக்கிழமை காலை அருமையாக இருந்தது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே மணிக்குப் போனால் தண்ணீர் நேர் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம், அதனால் ஓட்டமும் வேகம். அரை நிலா நாட்களை ஒட்டி எல்லாம் மிதமாக இருக்கும், முகத்துவாரம் பக்கம் முதல்முறை போகிறவர்கள் அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது, இறங்காது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 2.4 மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர், அடுத்ததில் 40, மூன்றாவதிலும் நான்காவதிலும் 60, பிறகு 40, கடைசியில் 20, தோராயமாக இப்படித்தான் போகும். நடுவில் வரும் அந்த ரெண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் நகர்கிறது. குறுகலான வாய் வழியாக அவ்வளவும் வெளியேறும்போது மணிக்கு 5, 6 கிலோமீட்டர் ஓட்டம் வருவது சாதாரணம், அதை எதிர்த்து நீங்கள் முழுமூச்சாகத் துடுப்பு போட்டாலும் கரையில் உள்ள அதே மரம்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இதோடு அலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாய்ப்பகுதியில் ஆறு கொண்டுவந்த மணல் திட்டாகப் படிந்திருக்கும், ஆழம் குறைவு. கடல் வற்றும் நேரம் தண்ணீர் வெளியே பாய்கிறது, எதிரே கடல் அலையும் கடற்காற்றும் உள்ளே வருகின்றன. ரெண்டும் மோதுகிற இடத்தில் அலை குறுகி, செங்குத்தாக நிமிர்ந்து, திட்டின் மேலேயே உடையும். அதே சமயம் ஓட்டம் உங்களை அதற்குள்தான் இழுக்கும். மேலே ஆற்றில் மழை பெய்திருந்தால் இன்னும் மோசம், வற்றும் ஓட்டத்தோடு வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். மீன்பிடிப் படகுக்காரர்களே இந்த நேரத்தில் காத்திருந்து கடப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அவர்கள் காத்திருந்தால் நீங்களும் காத்திருங்கள்.

முகத்துவாரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்தை ஒட்டி, அலை சிறியதாக இருக்கும் அதிகாலையில், உள்பக்கமாகவே நின்று பாருங்கள். ஏற்றம் முடிந்தது என்று அட்டவணை சொல்லும் அதே நிமிடத்தில் ஓட்டமும் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பல ஆறுகளில் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கும், உள்ளே போகப் போக இந்த நேரம் இன்னும் தள்ளிப்போகும். மிதக்கும் இலையையோ குச்சியையோ பார்த்தால் போதும்.

இன்னொன்று, ஒரு கரையில் பழகியதை இன்னொரு கரைக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். கரீபியன் கடலில் பல இடங்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அரை மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கே புரூம் பக்கம் அது 9 மீட்டரைத் தாண்டும். ரெண்டும் வெப்பமான கடற்கரைதான்.

கேள்வி: அலையாத்திக் காட்டுக் கால்வாய்களுக்குள் வழிகாட்டி இல்லாமல் போகலாமா?

பதில்: முதல்முறை வேண்டாம். உள்ளே எல்லாக் கால்வாயும் ஒரே மாதிரி இருக்கும், மரம் உயரமாக இருப்பதால் தூரத்து அடையாளம் எதுவும் தெரியாது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பூங்காவில் சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்குப் படகு வழியே இருக்கிறது, அங்கே வழி நெடுக எண் போட்ட அடையாளக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், அப்படியும் வரைபடம் இல்லாமல் யாரும் போவதில்லை.

பழகிய பிறகு போகும்போது நேரம்தான் எல்லாம். தண்ணீர் ஏறுகிற கடைசி ரெண்டு மணி நேரத்தில் உள்ளே போங்கள், உச்சத்தை எட்டியதும் திரும்புங்கள். வற்றும்போது உள்ளே மாட்டினால் கயாக் சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தால் முழங்கால் வரை, சில இடத்தில் இடுப்பு வரை புதையும், வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்தி மாதிரி கிழிக்கும். அடுத்த ஏற்றம் வர பல மணி நேரம், அதுவும் வெயிலில், கொசுக்கடியில். பௌர்ணமி, அமாவாசையின் உச்ச ஏற்றத்தில் போய்ச் சிக்கினால் அடுத்த ஏற்றம்கூட அந்த அளவுக்கு வராமல் போகலாம்.

ஆனால் போக வேண்டிய இடம் அது. கடலில் காற்று பலமாக வீசும் நாளிலும் உள்ளே தண்ணீர் அசையாது, பின்னிக் கிடக்கும் வேர்களுக்கு நடுவே சின்ன மீன்களும் நண்டுகளும் ஓடுவது தெரியும். மோட்டார் படகில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரங்களை விட்டுத் தள்ளியே போங்கள், பெரிய பறவைகள் எழும்பிப் பறந்தால் குஞ்சும் முட்டையும் வெயிலில் கிடக்கும்.

கேள்வி: மழைக்காலம் முடிந்ததும் ஆற்றில் போவது நல்லதா? கோடையில் தண்ணீரே இல்லை.

பதில்: மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, மட்டம் நிலைத்த பிறகு போவதுதான் வெப்பநாட்டு ஆறுகளுக்கு நல்ல காலம். மழை ஓய்ந்த மறுநாளே வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் நீலமாக இருக்கும், 50 கிலோமீட்டர் மேலே மலையில் பெய்த மழை அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்குவது, குச்சியும் சருகும் நுரையும் சேர்ந்து மிதந்து வருவது, கரையில் இருந்த கல் மறைவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போங்கள். மேலே அணை இருந்தால் எப்போது திறப்பார்கள் என்று விசாரிக்காமல் இறங்கவே கூடாது.

ஆறுகளை ஓட்டத்தின் கடினத்தை வைத்து 1 முதல் 6 வரை தரம் பிரிப்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். ஏரியில் மட்டும் பழகியவருக்கு 1 போதும். ஆனால் அந்தத் தரம் சாதாரண நீர்மட்டத்துக்குத்தான், வெள்ளத்தில் அதே ஆறு வேறு ஆறாகிவிடும்.

ஆற்றில் எனக்குக் கவலை தருவது ரெண்டு விஷயம். ஒன்று, விழுந்து கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது, ஓட்டம் அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வளைவுகளின் வெளிப்பக்கம் ஓட்டம் வேகம், மரங்களும் அங்கேதான் சரிந்து விழும், அதனால் உட்பக்கமாகவே போங்கள். இன்னொன்று, தாழ்வான தடுப்பணை. மேலிருந்து வரும்போது நேர்கோடு ஒன்று மட்டும்தான் தெரியும், உயரமும் ஒரு மீட்டர்தான் இருக்கும், ஆனால் கீழே விழுந்த தண்ணீர் திரும்பவும் சுவரை நோக்கியே சுழன்று வரும், லைஃப் ஜாக்கெட் போட்டவரைக்கூட வெளியே விடாது. போகும் வழியில் தடுப்பணை எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, நன்றாக முன்னாலேயே கரையேறி, கயாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து கடந்துவிடுங்கள்.

வெள்ளம் வடிந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும் வரை இறங்காதீர்கள். அப்புறம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் ஆற்றில் இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள், அந்தத் தகவல் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க உதவும்.

கேள்வி: முதலை, ஜெல்லி மீன் பற்றிப் பயமாக இருக்கிறது.

பதில்: எந்தக் கரை என்பதைப் பொறுத்தது. உப்புநீர் முதலை வாழும் இடங்களில், உதாரணத்துக்கு வட ஆஸ்திரேலியாவின் ஆறுகள், சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கனிகா, இங்கெல்லாம் தாழ்வான கயாக்கில் நான் இறங்க மாட்டேன், நீங்களும் வேண்டாம். அது ஆற்றிலும் இருக்கும், கடலிலும் நீந்தும். மற்ற இடங்களில் எச்சரிக்கைப் பலகையையும் உள்ளூர்க்காரர்கள் சொல்வதையும் கேட்டால் போதும். கொடிய பெட்டி ஜெல்லி மீன் வட ஆஸ்திரேலியாவில் சுமாராக நவம்பர் முதல் மே வரை கரையோரம் வரும், அந்தக் காலத்தில் அங்கே உடலை முழுக்க மூடும் உடை இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

உண்மையைச் சொன்னால் முதலையைவிட வெயில்தான் அதிகம் பேரைப் படுத்தும். தண்ணீருக்கு மேல் நிழல் கிடையாது, ஈரத்தில் சூடு உறைக்காது. மணிக்கு அரை லிட்டராவது குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கையை மூடும் சட்டை போடுங்கள்.

கேள்வி: கடலுக்கும் ஆற்றுக்கும் ஒரே கயாக் போதுமா?

பதில்: அமைதியான இடங்களுக்குப் போதும். வெப்பமான தண்ணீருக்கு மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை நல்லது, உள்ளே வரும் தண்ணீர் ஓட்டைகள் வழியாகத் தானே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் ஏறுவது சுலபம். நீளமானது கடலில் நேராகப் போகும், குட்டையானது ஆற்று வளைவில் சட்டென்று திரும்பும். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: துடுப்பைக் கயிற்றால் கயாக்கோடு கட்டுவது கடலில் நல்ல பழக்கம், ஆனால் ஓடும் ஆற்றில் எந்தக் கயிறும் தொங்கக் கூடாது, கிளையிலோ கல்லிலோ மாட்டினால் உங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: கூகுள் எர்த்தில் பார்த்தே நல்ல இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள், சரியா?

பதில்: தொடங்குவதற்கு நல்லது. ஆனால் அந்தப் படம் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு மணிக்கு எடுத்தது. அதில் தண்ணீராகத் தெரியும் இடம் நீங்கள் போகும்போது சேறாக இருக்கலாம். பழைய தேதிகளின் படங்களையும் அதிலேயே பார்க்க வழி இருக்கிறது, நாலைந்து தேதிகளை மாற்றி மாற்றிப் பார்த்தால் மணல் திட்டு எங்கெல்லாம் நகர்ந்திருக்கிறது, எந்தக் கால்வாய் வற்றுகிறது, அலை எப்போதும் எங்கே வெள்ளையாக உடைகிறது என்று தெரிந்துவிடும். நான் முதலில் தேடுவது கரையேறும் இடங்களைத்தான். இறங்கும் இடத்தைத் தவிர வழியில் குறைந்தது ரெண்டு இடமாவது, சாலைக்கு நடந்துபோகிற தூரத்தில், இருக்க வேண்டும். சுவர் கட்டிய கரை, தனியார் வேலி, செங்குத்துப் பாறை என்று கிலோமீட்டர் கணக்கில் ஏற வழியே இல்லாத பகுதியை நான் விட்டுவிடுவேன்.

பிறகு விண்டி மாதிரியான செயலியில் காற்றை மணி வாரியாகப் பாருங்கள். கடைசியாகக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் போய் "இன்னைக்கு தண்ணி எப்படிங்க, எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், செயலி என்ன சொன்னாலும், போகாதீர்கள்.

கேள்வி: அலை அடிக்கும் திறந்த கடற்கரையில் இறங்கலாமா?

பதில்: கரை சரிவாகவும் நீளமாகவும் இருந்து, அலை தூரத்திலேயே உடைந்து நுரையாகத் தவழ்ந்து வந்தால், முழங்கால் உயரத்துக்குள் இருக்கும்வரை பழகலாம். கரை சட்டென்று ஆழமாகி, அலை கரையிலேயே மடேரென்று விழுந்தால் வேண்டாம், கழுத்தும் தோளும் அடிபடுவது அந்த மாதிரிக் கரையில்தான். போவது சுலபமாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், கடினம் திரும்பி வருவதில்தான், முதுகுக்குப் பின்னால் அலை வரும். குளிக்கிறவர்கள் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளிக் கரையேறுங்கள், ஒரு கயாக் அலையில் உருண்டு வந்தால் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் குழந்தையால் விலக முடியாது.

கேள்வி: இரவில் நீல ஒளி வீசும் தண்ணீரில் கயாக் ஓட்ட ஆசை. பௌர்ணமி இரவில் போகலாமா?

பதில்: ஒளி பார்க்க வேண்டும் என்றால் நிலா இல்லாத இரவுதான். தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அலைக்கழிக்கப்படும்போது விடும் வெளிச்சம் அது, நிலா வெளிச்சத்தில் பாதி தெரியாது. அமாவாசையை ஒட்டி என்பதால் ஓட்டமும் பலமாக இருக்கும், அதனால் வாய் குறுகி, காற்று புகாத மூடிய குடாவாகப் பாருங்கள், புவேர்ட்டோ ரிக்கோவின் வியெக்கெஸ் தீவில் இதற்குப் பேர்போன கொசு விரிகுடா அப்படிப்பட்டதுதான். அங்கே தண்ணீரில் இறங்கி நீந்த அனுமதி இல்லை, தோலில் பூசிய களிம்புகள் அந்த உயிர்களைக் கெடுக்கும். பகலில் ஒருமுறை அதே இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்களோடு, தலையில் விளக்கும் கழுத்தில் விசிலுமாகப் போங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பியதும் அவருக்குப் போன் செய்யுங்கள்.